நாகார்ஜுனகொண்டா: கல் மலை ஏறியது, சேரி தண்ணிக்குள் போனது

1

பெரம்பூரில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. நம்மில் பலரும் அதைக் கேட்டதில்லை. கேட்க நேரமும் இருந்ததில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அடிபம்பில் குடத்தை வரிசை வைத்த சனம் நாம். ‘தண்ணி வந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு’ என்று கேட்கும் எங்க ஆயா. அது எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் வீட்டில் கிணறு வைத்திருப்பவன் யோசிக்கிற விஷயம் அதுக்கு.

ஆயா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை இப்போது நான் கேட்கிறேன்.

1976ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கிருஷ்ணா நதியில் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. தண்ணீரைச் சென்னைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன. 1983ல் தெலுங்கு கங்கைத் திட்டம் தொடங்கியது. 1996ல்தான் முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. ஸ்ரீசைலம் அணைக்குப் பின்னால் தேங்கும் நீரைப் போத்திரெட்டிபாடு மதகு வழியாக இழுக்கிறார்கள். அது சோமசிலா, கண்டலேறு என்று அணை அணையாக இறங்குகிறது. கண்டலேறிலிருந்து ஆந்திரத்துக்குள் 152 கிலோமீட்டர், ஊத்துக்கோட்டை எல்லைக்கு இந்தப் பக்கம் 25 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிப் பூண்டியில் விழுகிறது. பூண்டியிலிருந்து புழல், புழலிலிருந்து நாம். மழைத் தண்ணி, ஏரித் தண்ணி, 2010லிருந்து மீஞ்சூரில் சுத்திகரிக்கும் கடல் தண்ணி எல்லாம் கலந்துதான் இன்று வடசென்னைக்கு வருகிறது. அதில் கிருஷ்ணாவும் ஒரு பங்கு.

இந்தக் கிருஷ்ணா, நல்லமலைத் தொடரை அறுத்துக்கொண்டு போகிற இடத்தில் ஆழமான ஒரு மலையிடுக்கு இருந்தது. மேலே ஸ்ரீசைலம், கீழே நாகார்ஜுனசாகர் என்று இரண்டு அணைகளை அந்த இடுக்கில் கட்டினார்கள். நமக்குத் தண்ணீர் வருவது மேல் அணையிலிருந்து. நான் முக்கியமாக எழுத வந்தது கீழ் அணைக்குள் கிடக்கும் பள்ளத்தாக்கைப் பற்றி. அந்தத் தண்ணீர் நம் குழாய்க்கு வருவதில்லை. ஆனால் அதற்கு அடியில் கிடக்கும் வரலாறு பெரம்பூருக்கு வெகு நெருக்கமானது. அதே போல, அங்கே எது காப்பாற்றப்பட்டது, எது கைவிடப்பட்டது என்கிற கணக்கும் நமக்கு நெருக்கமானது.

2

குண்டூர் மாவட்டத்தில் மாசெர்லாவுக்கு அப்பால் இருந்தது அந்தப் பள்ளத்தாக்கு. மூன்று பக்கம் நல்லமலைக் குன்றுகள், நான்காவது பக்கம் கிருஷ்ணா. பரப்பு சுமார் 23 சதுர கிலோமீட்டர். நடுவில் ஒரு தனிக் குன்று. அதற்குத்தான் நாகார்ஜுனகொண்டா என்று பெயர். மகாயான ஆசாரியர் நாகார்ஜுனரோடு மரபு அந்தக் குன்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. கல்வெட்டுகளில் ஊரின் பெயர் விஜயபுரி, மலையின் பெயர் ஸ்ரீபர்வதம்.

இது 1926ல் உலகத்துக்குத் தெரிய வந்தது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய தூண் ஒன்றைப் பார்த்துவிட்டு அரசுக்குத் தெரிவித்தார். அப்போது அது சென்னை ராஜதானி. சென்னைக் கல்வெட்டு அலுவலகத்தில் தெலுங்கு உதவியாளராக இருந்த ரங்கசாமி சரஸ்வதி நேரில் போய்ப் பார்த்தார். 1927லிருந்து 1931 வரை லாங்ஹர்ஸ்ட் தோண்டினார். 1938ல் டி.என். ராமச்சந்திரன் தோண்டினார்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு நகரமே வெளியே வந்தது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு அரசர்கள் ஆண்ட தலைநகரம். 106 அடி விட்டமுள்ள மகாசைத்தியம், உள்ளே வண்டிச் சக்கரம் போல ஆரம் ஆரமாகச் சுவர்கள். அதற்குள் ஒரு சின்னத் தங்கப் பேழை, பேழைக்குள் ஒரு எலும்புத் துண்டு. அந்தத் தாது பிறகு சாரநாத் விகாரைக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பௌத்த நிலையங்கள். படிப்படியாக இருக்கை கட்டிய ஓர் அரங்கம். ஆற்றங்கரையில் படித்துறைகள்.

இதில் நம் கவனத்துக்கு உரியவை சில உண்டு. முதல் அரசன் சாந்தமூலன் வேள்விக்காரன். அசுவமேதம் வரைக்கும் செய்தவன் என்று கல்வெட்டே சொல்கிறது. ஆனால் அதே அரண்மனைப் பெண்கள் பிட்சுகளின் பக்கம் நின்றார்கள். மகாசைத்தியத்தை எடுத்துக் கட்டிப் பெருந்தூண்கள் நிறுத்தியவள் அந்த அரசனின் சகோதரி சாந்திசிரி. அரச குலத்தில் பிறக்காத போதிசிரி என்ற உபாசிகை ஒரு குன்றின்மேல் சைத்திய மண்டபம் கட்டிக் கொடுத்தாள். அவள் வெட்டிய கல்வெட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. தம்மம் போய்ச் சேர்ந்த நாடுகளின் பட்டியல் அது. காஷ்மீரம், காந்தாரம், சீனம், தோசலி, வங்கம், வனவாசி, யவனம், தாம்பபண்ணித் தீவு என்று போகிறது. நடுவில் எழுத்துச் சிதைந்த ஓரிடத்தைக் கல்வெட்டு அறிஞர்கள் ‘தமிள’ என்று படித்தார்கள். தமிழ் நாடு. இலங்கைப் பிட்சுகளுக்கென்று சீஹள விகாரை ஒன்றும் அங்கே இருந்தது.

இன்னொன்று, நினைவுத் தூண்கள். நம் நடுகல் போன்றவை. போரில் செத்த சேனாபதிக்கு வைத்திருக்கிறார்கள், அரசிக்கு வைத்திருக்கிறார்கள். கைவினைஞர்களின் தலைவன் ஒருவனுக்கும் வைத்திருக்கிறார்கள். கல் செதுக்கியவனுக்கும் ஒரு கல் நட்ட ஊர் அது.

அந்த ஊரில் சாதி இல்லை, சமத்துவம் நிலவியது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அரசன் இருந்தான், சேனை இருந்தது, வேள்விக் கிடங்கு இருந்தது. ஆனால் வேதத்துக்கு வெளியே, வேதத்துக்கு எதிரே என்றுகூடச் சொல்லலாம், இவ்வளவு பெரிய ஒரு வாழ்க்கை தென்னாட்டில் கல்லும் செங்கல்லுமாக நின்றிருக்கிறது. நமக்கு அது சின்ன விஷயமா?

3

இந்தக் கல்லெல்லாம் வெளியே வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே சென்னையில் நம்மவர்கள் பௌத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 1898ல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு போய்த் தீட்சை பெற்றுவந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907லிருந்து அவர் நடத்திய ‘ஒரு பைசாத் தமிழன்’, பிறகு ‘தமிழன்’, நம்முடைய பூர்வம் பௌத்தம் என்பதை வாரா வாரம் எழுதியது. சாதிக்குக் கீழே தள்ளப்பட்டவர்கள் பௌத்தத்தை விட மறுத்தவர்கள் என்று அவர் வாதிட்டார். பெரம்பூரிலும் பௌத்த சங்கம் இருந்தது, விகாரை இருந்தது. பேராசிரியர் லட்சுமி நரசு அதோடு தொடர்பு கொண்டிருந்தார். பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி 1907ல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு 1948ல் மறுபதிப்பு வந்தபோது அம்பேத்கர் முன்னுரை எழுதினார்.

மில் சங்கும் ரயில்வே சங்கும் ஊதி விடிந்த ஊர் பெரம்பூர். எங்க நைனா ரயில்வே ஒர்க்ஷாப்பில் கலாசி. பெயின்ட் கறையோடு வீட்டுக்கு வருவார். இப்படிப்பட்ட ஊரில் போன தலைமுறைக்கு முந்தின தலைமுறை உட்கார்ந்து திரிசரணம் சொன்னது, பஞ்சசீலம் சொன்னது. நமக்கென்று ஒரு சரித்திரம் உண்டு, அது அடிமைச் சரித்திரம் கிடையாது என்று பேசியது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டிலும் அந்த ஞாபகம் அறுந்துபோயிருந்தது.

பண்டிதரை அறிஞர் உலகம் என்ன சொன்னது? நிகண்டையும் ஏட்டையும் வாய்மொழியையும் வைத்துக் கற்பனை பண்ணுகிறார் என்றது. ஆதாரம் கேட்டது. ஆதாரம் என்றால் கல். கல்லில் எழுதியிருந்தால்தான் நடந்தது என்று ஒப்புவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் அப்போதே வந்திருந்தன. பெரம்பூரிலிருந்து நடந்துபோகிற தூரம். ஆனால் அவை வெள்ளைக்காரத் துரைகள் கண்டெடுத்த கலைப்பொருள்கள், சேரிக்காரனுக்கு அதில் என்ன பாத்தியதை என்பதுதான் பொதுப் புத்தி.

பண்டிதர் 1914ல் இறந்தார். 12 வருடம் கழித்து நாகார்ஜுனகொண்டா வெளிப்பட்டது. லட்சுமி நரசு 1934 வரை இருந்தார். அவர் கண்முன்னே தென்னாட்டுப் பௌத்தத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. பண்டிதர் சொன்னது வரிக்கு வரி நிரூபணமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தக் கல்வெட்டுகள் தானம் கொடுத்தவரின் குலத்தைச் சொல்லும், தொழிலைச் சொல்லும். இன்றைய சாதிக் கணக்கு அதில் கிடையாது. ஆனால் ‘தென்னாட்டில் ஏது பௌத்தம்’ என்று இளக்காரமாகக் கேட்டவர்களுக்கு அதற்குமேல் வாய் கிடையாது.

அந்தப் பதில் மண்ணுக்கு மேல் இருந்தது ஏறக்குறைய நாற்பது வருடம்தான்.

4

1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு பெரம்பூருக்கு வந்தார். ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். அதே வருடம் டிசம்பர் 10ஆம் தேதி கிருஷ்ணா கரையில் நாகார்ஜுனசாகர் அணைக்கு அடிக்கல் நாட்டினார். அந்த அணையை மனிதகுலத்துக்கான கோயில் என்ற பொருளில் அவர் பேசினார். விகாரைகள் நின்ற பள்ளத்தாக்கை மூழ்கடிக்கப் போகும் ஒன்றுக்குக் கோயில் என்று பெயர். நேரு கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் நல்ல எண்ணத்தோடு பேசுகிறவர் வாயிலும் அந்த வார்த்தைதான் முதலில் வருகிறது. பத்து மாதம் கழித்து, 1956 அக்டோபர் 14ஆம் தேதி, நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்துக்குத் திரும்பினார். ஒரு பக்கம் சனம் பௌத்தத்தைத் தேடிப் போகிறது. இன்னொரு பக்கம் பௌத்தத்தின் ஒரு தலைநகரம் தண்ணீருக்குப் போகத் தயாராகிறது.

மூழ்கப் போகிறது என்று தெரிந்ததும் தொல்லியல் துறை 1954லிருந்து 1960 வரை, ஆர். சுப்பிரமணியம் தலைமையில், பள்ளத்தாக்கு முழுவதையும் தோண்டியது. இந்தியத் தொல்லியலில் அது மிகப் பெரிய முயற்சி. பழைய கற்காலத்திலிருந்து பெருங்கற்காலப் புதைகுழிகள், இக்ஷ்வாகு நகரம் வரை ஒவ்வொரு அடுக்காக எடுத்தார்கள். முக்கியமான ஒன்பது கட்டடங்களைக் கல் கல்லாகப் பிரித்து, நடுவில் நின்ற குன்றின் உச்சிக்கு ஏற்றித் திரும்பக் கட்டினார்கள். மற்ற சிலவற்றுக்கு மாதிரிகள் செய்தார்கள். கரையில் அனுப்பு என்ற இடத்திலும் சிலவற்றை நிறுத்தினார்கள். 1967 ஆகஸ்ட் 4ஆம் தேதி இந்திரா காந்தி கால்வாய்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார். பள்ளத்தாக்கு ஏரியாகிவிட்டது, குன்று தீவாகிவிட்டது.

ஆறு வருடம் வெயிலில் நின்று வேலை செய்த அந்தத் தொல்லியல் ஆட்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லை என்றால் ஒரு செங்கல்லும் மிஞ்சியிருக்காது. ஆனால் அந்த அகழாய்வின் அறிக்கை வந்த கதையைப் பாருங்கள். முதல் தொகுதி 1975ல் வெளியானது. அது வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றியது. பௌத்த நகரத்தைப் பற்றிய இரண்டாம் தொகுதி 2006ல் வந்தது. தோண்டி முடித்து 46 வருடம். அதற்குள் தோண்டியவர்களில் பலர் செத்துப்போனார்கள். இடத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம் என்றால் இடமே தண்ணிக்கு அடியில்.

நான் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறேன். விஜயபுரி தென்கரையிலிருந்து லாஞ்சு போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். தண்ணி கண்ணுக்கு எட்டின தூரம் நீலமாகக் கிடக்கிறது. மேலே ஏறினால் இடம் மாற்றிக் கட்டிய சைத்தியங்கள், அருங்காட்சியகம், சுண்ணாம்புக் கல்லில் புத்தரின் கதைகள். எல்லாம் அழகு. கூட வந்த முப்பது நாற்பது பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது லாஞ்சு ஓட்டியவரிடம், இங்கே குடியிருந்தவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நாலு பக்கமும் வீசிக் காட்டினார்.

5

அந்தக் கை வீச்சுக்குள் இருக்கும் வரலாற்றை யார் எழுதினார்கள்?

1920களில் தோண்டப் போனபோது பள்ளத்தாக்குக்குள் இருந்த ஊரின் பெயர் புல்லாரெட்டிகூடம். ஊர்ப் பெயரிலேயே ரெட்டி இருக்கிறார். ஊருக்கு வெளியே யார் இருந்தார்கள் என்று சொல்ல எந்த ஊரின் பெயரும் இடம் கொடுப்பதில்லை. நம் பக்கம் சேரி என்றால் அந்தப் பக்கம் மாலப்பள்ளி, மாதிககூடம். மலைச்சரிவில் செஞ்சுகளின் பெண்ட்டாக்கள், லம்பாடித் தாண்டாக்கள்.

ஒரு ஊர் மூழ்கும்போது அரசு என்ன கணக்கு எடுக்கும்? 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம்தான் அன்றைக்கு எல்லாம். அந்தச் சட்டத்துக்குக் கண்ணில் படுவது நிலம். பட்டா இருக்கிறதா, எவ்வளவு ஏக்கர், நஞ்சையா புஞ்சையா, கிணறு உண்டா, மரம் எத்தனை என்று பார்க்கும். பட்டா வைத்திருப்பவனுக்குக் கொஞ்சமோ நஞ்சமோ பணம் வரும். அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவனுக்கு, நாற்று நட்டவளுக்கு, செத்த மாட்டைத் தூக்கியவனுக்கு, பறை அடித்துச் சாவு சொன்னவனுக்கு அந்தத் தாளில் வரி கிடையாது. ஏரியில் மீன், காட்டில் விறகு, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் சட்டத்தின் பாஷையில் சொத்தே கிடையாது. நிலத்தை இழந்தவன் பாதிக்கப்பட்டவன். வேலையை இழந்தவன் சும்மா இடம் மாறிப் போனவன்.

நிலமற்ற கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கும் சட்டம் 2013ல்தான் வந்தது. 120 வருடம் ஆகியிருக்கிறது ஒரு அரசுக்கு, நிலத்தில் மனிதர்களும் இருந்தார்கள் என்று எழுத. அதுவும் மூன்று வருடமாக அங்கே பிழைத்தேன் என்று காட்டினால்தான்.

சேரி மூழ்கும்போது கூடவே மூழ்குவது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கோயில் என்றால் கோபுரம், கல்வெட்டு, பத்திரம். நம் சாமி ஒரு கல், ஒரு வேப்ப மரம், கொஞ்சம் மஞ்சள். தெலங்கானாப் பக்கம் ஏரிக் கரையைக் காக்கிற தெய்வம் கட்ட மைசம்மா. கரையில் உட்கார்ந்து தண்ணியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அணைத் தண்ணி ஏறி வந்தால் அவளைத் தூக்க எந்தத் துறை வரும்? சுடுகாடு மூழ்கும். யாருடைய பாட்டன் எங்கே புதைந்தான் என்கிற கணக்கு மூழ்கும். எந்த வழியாகச் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது, எந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது, எந்தத் தெருவில் ஒருநாள் இறங்கிக் காட்டினோம் என்கிற ஞாபகமும் மூழ்கும். அடக்குமுறையின் தடயமும் எதிர்ப்பின் தடயமும் ஒரே தண்ணிக்குள் போய்விடும். பிறகு ஆதிக்க சாதிக்காரன் ‘அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்’ என்று சொன்னால், இல்லை என்று காட்ட நம்மிடம் ஒரு கிணறுகூட இருக்காது.

கல்லைத் தூக்கி மலைமேல் வைத்தது யார் கை? அந்த அணை கருங்கல்லும் காரையுமாகக் கட்டியது. உலகத்தில் அப்படிக் கட்டிய அணைகளில் மிகப் பெரியது என்று பெருமையாகச் சொல்வார்கள். 124 மீட்டர் உயரத்துக்குச் சாரம் கட்டிக் கல்லையும் காரையையும் தலையில் சுமந்து ஏற்றினார்கள், ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணும். இந்தியாவெங்கும் அணை கட்டப் போன கூலிகளில் பேர்போனவர்கள் மகபூப்நகர்ப் பக்கத்துப் பாலமூருக் கூலிகள். அணைக்குப் பெயர் உண்டு, அடிக்கல்லில் பெயர் உண்டு. கைவினைஞர் தலைவனுக்கு நினைவுத் தூண் நட்ட ஊரை மூழ்கடித்துக் கட்டிய அணையில் கல் சுமந்தவர்களின் பெயர் எங்கே?

6

இது ஓரிடத்தில் தவறி நடந்த காரியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேல் அணைக்கு வருவோம். ஸ்ரீசைலத்தில் தண்ணீர் தேக்கியபோது கர்நூல், மகபூப்நகர் மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் போயின. லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். 1981ல் புல்டோசர் வைத்து வீடுகளை இடித்தார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயரே ‘ஆபரேஷன் டெமாலிஷன்’. நாடெல்லாம் அணை கட்டிக் கொடுத்த மகபூப்நகர், தன் ஊர்களை ஒரு அணைக்குள் கொடுத்தது. அதே நேரத்தில் மூழ்கும் பகுதியிலிருந்த பழைய கோயில்களைப் பிரித்து அலம்பூர் போன்ற மேட்டு ஊர்களில் திரும்பக் கட்டினார்கள். கோயிலுக்கு மேடு கிடைத்தது. அந்தத் தண்ணீர்தான் 1996ல் நமக்கு வந்தது.

நம் வாசலிலேயே பூண்டி இருக்கிறது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1940ல் வேலை தொடங்கி 1944ல் முடிந்த அணை. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு. அந்த ஏரிக்குள் போனது திருவெண்பாக்கம், சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். கண்ணிழந்து வந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த ஊர் என்பது ஐதீகம். ஊன்றீஸ்வரர் கோயிலை அங்கிருந்து எடுத்துக் கரையில் புதிதாகக் கட்டி 1968ல் குடமுழுக்கு செய்தார்கள். இன்றும் பக்தர்கள் போகிறார்கள், தலபுராணத்தில் ஏரியின் கதையும் சேர்ந்துவிட்டது. அப்போது அது செங்கல்பட்டு ஜில்லா. 1891ல் கலெக்டர் திரமென்ஹீர் நம் சனத்தின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியது அந்த ஜில்லாவை வைத்துத்தான், பஞ்சமி நிலம் பிறந்ததும் அதிலிருந்துதான். அந்த ஜில்லாவில் ஒரு ஆற்றுப் பள்ளம் ஏரியானபோது சாமிக்கு நேர்ந்ததைத் தலபுராணம் சொல்கிறது. பண்ணையாட்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு புராணமும் இல்லை.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் கோயிலை 1964க்கும் 1968க்கும் இடையில் அறுத்து எடுத்து மேட்டில் வைத்தார்கள். யுனெஸ்கோ உலகத்திடம் பணம் திரட்டியது. அந்த நைல் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்த நூபியர்களை மூட்டை முடிச்சோடு வேறு இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஊரைக் கேட்டு அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் போராடுகிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் மலையிடுக்கை 1963லிருந்து தண்ணியில் நிரப்பினார்கள். அதற்கு முன் அவசர அவசரமாகத் தொல்லியல் ஆட்களை அனுப்பிப் பழைய குடியிருப்புகளைப் பதிவு செய்தார்கள். நவஹோ மக்கள் தங்கள் புனித இடங்கள் போய்விட்டன என்று நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். செத்த நாகரிகத்துக்கு உலகம் முழுக்க மரியாதை உண்டு. உயிரோடிருக்கும் சனத்துக்கு லாரி உண்டு.

7

அணையே கூடாது என்று பேச நான் வரவில்லை. 1942லிருந்து 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் பாசனமும் மின்சாரமும் தன் கையில் இருக்க, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு உருக்கொடுத்தவர். தண்ணியும் கரண்டும் இல்லாமல் தலித்துக்கு விடுதலை இல்லை என்று தெரிந்தவர் அவர். நாகார்ஜுனசாகர் வறண்ட நிலங்களை நனைத்தது. கிருஷ்ணாத் தண்ணி வந்ததால் பெரம்பூரில் பல வீட்டில் அடுப்பு எரிந்தது. இதையெல்லாம் மறைத்தால் நானும் பொய் வரலாறு எழுதுகிறவனாகிவிடுவேன். பயன் யாருக்குப் போகிறது, இழப்பு யார் தலையில் விழுகிறது, அந்த இழப்பை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதுதான் நான் கேட்பது.

இதைப் பெரம்பூரில் உட்கார்ந்து கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2000லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் சேரிகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் மூன்று நான்கு தலைமுறை இருந்தவர்கள், ஒரு காலையில் லாரியில் ஏறுகிறார்கள். மறுநாள் அந்த இடம் மட்டமாகிவிடுகிறது. அங்கே ஒரு அம்பேத்கர் மன்றம் இருந்தது, இரவுப் பள்ளிக்கூடம் இருந்தது, பாடை தூக்கும் வழிக்காக ஒரு சண்டை நடந்தது என்பதெல்லாம் யார் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை. மூழ்கடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதுகூட இல்லை.

நம் ஞாபகம் எவ்வளவு சீக்கிரம் அறுகிறது என்பதற்குப் பெரம்பூர் பௌத்தமே சாட்சி. அயோத்திதாசரின் எழுத்துகள் தொகுப்புகளாக நம் கைக்கு வந்ததே 1999ல்தான். அதுவரை அவர் பெயரைக் கேள்விப்படாமலே நம்மில் எத்தனை பேர் பட்டம் வாங்கினோம்! விகாரையில் பஞ்சசீலம் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நடுவில் எந்த அணையும் கட்டவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாகார்ஜுனகொண்டாவுக்குப் போங்கள். அது நம் சரித்திரமும்தான், சுற்றுலாத்தலம் என்று விட்டுவிடாதீர்கள். சீஹள விகாரையின் கல்லைத் தொட்டுப் பாருங்கள். அங்கே நிற்கும்போது கீழே தண்ணியையும் பாருங்கள். பிறகு பூண்டிக்குப் போங்கள், அது பக்கம்தான். ஏரியைச் சுற்றியிருக்கும் காலனிகளில் கிழவன் கிழவிகளைத் தேடுங்கள். பழைய ஊர் எங்கே இருந்தது, சேரி ஊருக்கு எந்தத் திக்கில் இருந்தது, கிணறு எத்தனை, அம்மன் யார், பண்ணை யாருடையது, தண்ணி ஏறின வருடம் எங்கே போய்க் குடிசை போட்டீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். வாய்மொழிக்குக் கல் ஆதாரம் எங்கே என்று யாராவது கேட்டால், பண்டிதரையும் இப்படித்தான் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

பூண்டியில் தண்ணி ஏறியது 1944ல். அப்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்து அதைப் பார்த்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. கேட்டு எழுத இன்னும் சில கோடைகள்தான் இருக்கின்றன.